சுங்குடித் தலைப்பில் இயங்கும் கதவு

சென்னை மாநகரின் வடகோடியில், கடலை ஒட்டி அமைந்த ஊர்களில் காற்று உப்பால் ஆனது; கதவுகள் இரும்பால் ஆனவை. இவ்விரண்டும் சந்திக்கும்போது கதவு தோற்கும். இஃது அறிவியல்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்திற்குள் நுழைய முறை வாய்க்காத கொள்கலன் லாரிகள் இரவுபகலாக வரிசையில் நிற்கும். அவ்வரிசையைக் குறுக்கே கடந்து கிழக்கே திரும்பும் துணிவு உடையோர் உப்புக்காரன் தெருவை அடைவர். அத்தெருவின் அரசு நடுநிலைப் பள்ளியில் மாணவியர் கழிப்பறைக்கு ஒரு கதவு இருந்தது. ஆடி மாதத்தில் அது அடிப்பகுதியிலிருந்து உதிரத் தொடங்கியது. ஐப்பசி மழையில் இடுப்பளவு குறைந்தது. கார்த்திகையில் ஒரு நாள், இரண்டு கீல்களை மட்டும் சுவரில் விட்டுவிட்டு முற்றிலும் இல்லாமற் போனது.

கதவு போனதும் மாணவியர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினர். இதனை முதலில் கண்டறிந்தவர் செங்கொடி. அவர் ஏழாம் வகுப்பு மாணவி ரமாபாயின் தாய்; வண்ணாரப்பேட்டை மொத்தக் கடைகளில் சேலை எடுத்து, மூட்டையாகக் கட்டி, வீடு வீடாகச் சென்று தவணைக்கு விற்பவர். காலையில் நிரப்பி அனுப்பிய தண்ணீர்ப் புட்டி மாலையில் நிரம்பியவாறே திரும்பி வருவதைக் கண்ட அவர், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்குச் சண்டையிடச் சென்றார்.

அன்று பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் தேர்தல். பெற்றோருள் வருகை தந்தவர் செங்கொடி ஒருவரே. ஆகவே அவர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

"டீச்சர், நான் சண்ட போட வந்தேன்," என்றார் செங்கொடி.

"அதுக்குத்தாம்மா இந்தப் பதவி," என்றார் தலைமையாசிரியர் எல்சி, அவர் கழுத்தில் மாலையை இட்டவாறே. "இனிமே நீ யார்கூட வேணும்னாலும் சண்ட போடலாம். எங்கூட மட்டும் முடியாது. நாம ரெண்டு பேரும் ஒரே குழு."

தலைவரின் முதல் நடவடிக்கை நேரடியானதாக இருந்தது. தெருமுனையில் கதவுப் பட்டறை வைத்திருக்கும் சுஃபியானிடம் அவர் முறையிட்டார்.

"பாய், பொண்ணுங்க ரொம்ப பேஜாரு பட்துங்க."

"இன்னாக்கா நீ, இதுக்குப் போயி கெஞ்சிகினு! எம் பொண்ணுந்தான அங்க படிக்குது," என்ற சுஃபியான், பட்டறையில் கிடந்த பழைய பலகைக் கதவு ஒன்றைச் செப்பனிட்டு, ஞாயிற்றுக்கிழமையன்று இலவசமாக மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மாணவியர் தண்ணீர் குடித்தனர். அதற்கு மறுநாள் தணிக்கைக் குழு வந்தது. பள்ளியின் சொத்துப் பதிவேட்டில் இல்லாத கதவொன்று பள்ளியில் இருப்பதை அக்குழு கண்டுபிடித்தது. உதிர்ந்துபோன கதவைப் பற்றி அக்குழுவுக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை. அது பதிவேட்டில் நலமாக இருந்தது. இருக்கின்ற கதவுதான் சிக்கலை உண்டாக்கியது. ஆகவே அது கழற்றப்பட்டு, அரக்கு முத்திரை இடப்பட்டு, ராயபுரத்தில் உள்ள பள்ளி நிதி மறுமலர்ச்சி இயக்ககத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டு, கைப்பற்றிய பொருள்களை வைக்கும் அறையில் சேர்க்கப்பட்டது. அவ்வறைக்கு அதுகாறும் கதவு இல்லை. அக்குறை அன்றே நீங்கியது.

"கதவத்தான் தூக்கினு போனாங்க. என்னிய உட்டாங்களே, அதுவே ஷோக்கு," என்றார் சுஃபியான்.

இனிச் செங்கொடியிடம் எஞ்சியிருந்தது சேலை மூட்டை ஒன்றே. சேலை வணிகத்தில் ஒரு சேலைக்கு உடல், பார்டர், தலைப்பு என மூன்று உறுப்புகள் உண்டு. வீட்டில் முந்தானி எனப்படுவதே கடையில் தலைப்பு எனப்படும். செங்கொடி தம் மூட்டையிலிருந்து கெட்டியான சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இடைவேளை மணி அடித்ததும் அதன் ஒரு முனையைச் சுவரில் எஞ்சியிருந்த கீலில் முடிச்சிட்டு, உடலைச் சுருட்டி, தலைப்பை மட்டும் வாசலுக்குக் குறுக்கே விரித்து, மறுமுனையைத் தம் கைகளால் இழுத்துப் பிடித்து நிற்பார். பெண்கள் ஒருவர்பின் ஒருவராக உள்ளே செல்வர்.

"ஆன்ட்டி, பறக்குது! இறுக்கிப் புடி!"

"புடிச்சிகினுதான் கீறேன். நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு, காத்தோட நான் பேசிக்கிறேன்."

இவ்வாறு காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை அவர் கதவாகப் பணியாற்றினார். இடைப்பட்ட நேரத்தில் வணிகம் செய்தார். வணிகம் சுருங்கியது, தண்ணீர்ப் புட்டிகள் ஓரளவு காலியாயின.

ஆயினும் ரமாபாய் மகிழவில்லை. ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து அவள் தன் முடிவை அறிவித்தாள்.

"யம்மா, நீ அங்க சேலையப் புடிச்சிகினு நிக்கசொல்ல, பசங்க எல்லாம் ‘நாடகம் ஆரம்பிக்கப் போவுது’ன்னு கத்தறானுங்க. அடுத்த வருசம் நான் எட்டாவது. கதவு வரலன்னா ஜூன் மாசம் இஸ்கூலுக்கு வர மாட்டேன். மாமாகூட ஜவுளிக் கடைல நிக்கப் போறேன். அங்க கதவு கீது."

"கதவுக்கோசரம் படிப்ப உட்ருவியாடி?"

"நீ உள்ள குந்திப் பாரு, தெரியும்."

செங்கொடி மகளின் தட்டில் சோற்றை அள்ளி வைத்தார். எட்டாம் வகுப்பு வரை தாம் படிக்காததற்கு வேறொரு காரணம் இருந்தது. ஆயினும் அதுவும் ஏறக்குறைய ஒரு கதவின் அகலமே உடையதாக இருந்தது. ஜூன் மாதத்திற்குள் முறைப்படி, முத்திரையோடு, பதிவேட்டில் ஏறிய கதவொன்றைப் பெற்றே தீர்வதென்று அவர் உறுதி பூண்டார்.

அவ்வாண்டுதான் பள்ளி நிதிச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதனை விளக்குவதற்காக மேலாண்மைக் குழுத் தலைவர்கள் அனைவரும் இயக்ககத்திற்கு அழைக்கப்பட்டனர். இயக்குநர் முனைவர் சுகந்தி மேடையேறினார். அவர் கற்றறிந்தவர், இனிய குரல் உடையவர், கீழ்க்காணும் உரையை எழுதிவைத்துக்கொள்ளாமலேயே ஆற்றினார்.

"நண்பர்களே! இதுநாள்வரை பள்ளிக்கு ஒன்று தேவைப்பட்டால் அதற்கு நிதி கேட்டார்கள். நாமும் கொடுத்தோம். என்ன ஒரு குருட்டுத்தனம்! அந்த முறையை ஒழித்துவிட்டோம். இனி எந்தத் தேவைக்கும் நிதி கிடையாது. தலைப்புக்குத்தான் நிதி. ஒவ்வொரு செலவுக்கும் ஒரு கணக்குத் தலைப்பு. நிதி தலைப்பைத் தேடிச் செல்லும்; தலைப்பு நிதியைத் தேடி வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு பள்ளி இருக்குமானால், அது அந்தப் பள்ளியின் நற்பேறு!"

அவையோர் கைதட்டினர். செங்கொடி எழுந்தார்.

"மேடம், துட்டு எப்போ வரும்?"

"‘துட்டு’ என்ற சொல்லை நாம் கைவிட்டுவிட்டோம், அம்மா. வளப் பாய்வு என்று சொல்லுங்கள்."

"சரி மேடம். அந்த பாய் எப்போ வருவாரு?"

அருகில் அமர்ந்திருந்த மற்றொரு பள்ளியின் தலைவர் அவர் சேலையைப் பிடித்து இழுத்தார். "குந்துக்கா. அது பாய் இல்ல, பாய்வு. நானும் மூணு மாசமா வருவாரு வருவாருன்னு டீ வாங்கி வெச்சிகினு கீறேன்."

கூட்டம் இனிது முடிந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி நிறையச் சீர்திருத்தக் கையேடுகள் வழங்கப்பட்டன. உப்புக்காரன் தெருப் பள்ளியில் அவற்றை வைக்க இடமில்லாமையால், ஆசிரியர் கழிப்பறை காலி செய்யப்பட்டு, கையேட்டுக் கிடங்காகப் பூட்டப்பட்டது. அதன்பின் பள்ளியில் பெண்கள் அனைவருக்கும் கழிப்பறை ஒன்றே. அதற்குக் கதவு செங்கொடி.

கோரிக்கை முறைப்படி அனுப்பப்பட்டது. கள ஆய்வுக்காக மண்டல நிதி ஒருங்கிணைப்பாளர் பொன்ராஜ் வருகை தந்தார். நேர்மையானவர், நெற்றியில் எப்பொழுதும் வியர்வை உடையவர். கையில் அரசு வழங்கிய தட்டைக் கணினி இருந்தது. அன்று தலைமையாசிரியர் எல்சி பள்ளியில் இல்லை. பள்ளியில் தங்காத தலைமையாசிரியர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கும் பணிக்கு அவர் அனுப்பப்பட்டிருந்தார். ஆகவே குழுத் தலைவரே ஆய்வை எதிர்கொண்டார்.

"மாணவியர் கழிப்பறையை ஆண் அலுவலர் நெருங்கக் கூடாது என்பது விதி," என்றார் பொன்ராஜ், வேப்பமரத்தடியில் நாற்காலியை இட்டு அமர்ந்து. "ஆகவே இங்கிருந்தே ஆய்வு செய்கிறேன். கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தற்சமயம் கழிப்பறைக்கு மறைப்பு வசதி இருக்கிறதா?"

"கீது சார். இல்லாம எப்டி? பொட்டப் புள்ளைங்களாச்சே."

"எந்தத் தலைப்பில்?"

செங்கொடி வியந்துபோனார். இவ்வளவு பெரிய அலுவலர், வேப்பமரத்தடியில் அமர்ந்தவாறே இதனை எங்ஙனம் அறிந்தார்?

"சார், உங்களாண்ட யார் சொன்னாங்க? தலப்புலதான் சார் ஓடிக்கினு கீது!"

"எந்தத் தலைப்பு என்றுதான் கேட்கிறேன்."

"சுங்குடித் தலப்பு சார்."

பொன்ராஜின் விரல் கணினியின் மேல் ஒரு கணம் நின்றது. அந்த வாரம் மட்டும் இயக்ககம் அறிவித்த புதிய தலைப்புகள் ஒரு பக்கத்தில் அடங்காதவை. வடக்கு மண்டலத்தில் சுங்குடித் தலைப்பைக் கேள்விப்படாதவர் தாம் ஒருவரே என்பது வெளிப்படுவதை அவர் விரும்பவில்லை.

"ஓ, சுங்குடி," என்றார் அவர். "ஒன்றிய அரசா, மாநில அரசா?"

"சின்னாளப்பட்டி சார்."

"மாநிலம்," என்று பதிந்துகொண்டார். "பராமரிப்பு?"

"நானே பாத்துக்கறேன் சார். உப்புக் காத்து பட்டா பச்சத் தண்ணில அலசி நெழல்ல ஒணத்துவேன். இதுவரிக்கும் சாயம் போவல."

"பராமரிப்பு நிறைவானது, வெளிப்படைத்தன்மை..." அவர் சற்று நிமிர்ந்தார். "வெளிப்படைத்தன்மை எப்படி?"

"அய்யய்யோ, அதெல்லாம் சுத்தமா கெடையாது சார்! கெட்டித் துணி... ஒண்ணும் தெரியாது. சத்தியமா சொல்றேன்."

‘துணி’ என்பதை அவர் ‘துணிவு’ எனச் செவியுற்றார். "துணிவான நிர்வாகம்," என்று முணுமுணுத்தபடி பதிந்தார். "காலாவதி?"

"ரெண்டு வருசம் ஒழைக்கும் சார், கல்லுல அடிக்காம இருந்தா."

"கடைசிக் கேள்வி. துணைத் தலைப்பு ஏதேனும் உண்டா? ஒன்றுக்கு மேல்?"

"இல்ல சார். ஒன்னுக்கு ஒன்னுதான் சார்."

பொன்ராஜ் முகம் மலர்ந்தார். "ஒன்றுக்கு ஒன்று! கொள்கையும் அதுவேதான், அம்மா. உங்களைப் போல இதைப் புரிந்துகொண்ட ஒருவரை இந்த மண்டலத்தில் நான் கண்டதில்லை."

இருவரும் ஒருவரையொருவர் மனமாரப் பாராட்டிப் பிரிந்தனர். செங்கொடி அன்று மாலையே சுஃபியானிடம் சென்று, புதிய கதவுக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தார்.

பத்து நாளில் மறுமொழி வந்தது. எல்சி அதனை உரக்க வாசித்தார்: "தங்கள் பள்ளியின் கழிப்பறைக் கதவு சுங்குடித் தலைப்பில் தடையின்றி இயங்கிவருவது கள ஆய்வில் உறுதி செய்யப்பட்டுள்ளது. ஒரே கதவுக்கு இரு தலைப்புகளில் நிதி வழங்குதல் சீர்திருத்தத்தின் ஆன்மாவுக்கு எதிரானது. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. தங்கள் சிக்கனம் போற்றத்தக்கது."

"செங்கொடி, அவர்கிட்ட என்னம்மா சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன் டீச்சர். தலப்புல ஓடுதுன்னு சொன்னேன்."

எல்சி தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டார். முதலில் அவர் அழுகிறார் என்றே செங்கொடி எண்ணினார். தோள்கள் குலுங்கிய விதத்தை உற்று நோக்கிய பின்னர்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"அம்மா தாயே," என்றார் எல்சி, கண்களைத் துடைத்துக்கொண்டு. "அவர் கேட்டது கணக்குத் தலைப்பும்மா. நீ சொன்னது சேலத் தலைப்பு."

"ரெண்டும் ஒன்னுதான டீச்சர்? எது இருந்தா மானம் நிக்குதோ அதான் தலப்பு."

தவற்றைத் திருத்தும் பொருட்டுச் செங்கொடி ராயபுரம் இயக்ககத்திற்கு நேரில் சென்றார். அங்கே தலைப்பு உருவாக்கப் பிரிவு மூன்றாம் மாடி முழுவதும் பரந்திருந்தது. தலைப்பு நீக்கப் பிரிவு படிக்கட்டின் அடியில் இருந்தது. அதில் எழுத்தர் ஒருவர், தம்மிடம் எவரேனும் வந்ததைக் கண்டு திடுக்கிட்டு எழுந்தார்.

"சார், சுங்குடித் தலப்பு கெடையாது சார். அத எடுத்துருங்க."

"ஓடிக்கொண்டிருக்கும் தலைப்பை எதற்கம்மா நீக்க வேண்டும்? மற்ற தலைப்புகள் எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. ஓடுவது அது ஒன்றுதான்."

"அது தலப்பே இல்ல சார். முந்தானி!"

எழுத்தர் அச்சொல்லைத் தாளில் எழுதினார். பின்னர் சீர்திருத்தக் கலைச்சொல் அகராதியைப் புரட்டினார். அதில் அது இல்லை. அவர் தமிழ்ப் பற்று மிக்கவர். ஆதலின் தாமே பிரித்துப் பொருள் கண்டார்.

"முன் தானி... முன் தானியங்கி... முன்கூட்டியே தானாக இயங்கும் நிதி! அடடா! எவரும் கேட்காமலே, எவரும் கொடுக்காமலே!"

"அய்ய, இன்னா சார் நீ! இத பாரு!" என்று கூறி, செங்கொடி மூட்டையை அவிழ்த்துச் சுங்குடிச் சேலையை மேசையின் மேல் விரித்தார். ஓர் உண்மையை இதனினும் தெளிவாக விளக்க எவராலும் இயலாது. ஆனால் அவ்வமயம் உணவு இடைவேளை. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்த பெண் அலுவலர்கள் மேசையைச் சூழ்ந்தனர்.

"இதே மாம்பழக் கலர்ல இருக்காக்கா?"

"தலப்பு நல்லா இருக்கே! தவணைக்குக் குடுப்பீங்களா?"

கதவுக்கான அந்தச் சுங்குடி ஒன்று நீங்கலாக, ஒரு மணி நேரத்தில் மூட்டை காலியாயிற்று. கதவு பற்றிய பேச்சைக் கேட்பதற்கு எவருக்கும் நேரம் இருக்கவில்லை. தம் வணிக வாழ்வின் மிகச் சிறந்த நாளை முடித்துக்கொண்டு, கண்ணில் நீர் மல்கச் செங்கொடி வீடு திரும்பினார்.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வெளியாயிற்று. முன்தானியங்கி முறையில் செயல்படும் சுங்குடித் தலைப்பை அனைத்துப் பள்ளிகளும் பின்பற்றலாம் என்றது அது. காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு பள்ளி, தன் சுற்றுச்சுவரைச் சுங்குடியில் சேர்க்குமாறு விண்ணப்பித்தது. கொடுங்கையூர்ப் பள்ளியொன்று, குப்பைமேட்டுப் புகையைச் சுங்குடித் தலைப்பில் மறைக்க இயலுமா என வினவியது. ‘இயலும், ஆயின் புகை முன்னதாகவே பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும்’ என்று மறுமொழி சென்றது. உப்புக்காரன் தெருப் பள்ளி முன்மாதிரிப் பள்ளியாக அறிவிக்கப்பட்டு, கல்வெட்டுத் திறக்க இயக்குநரே வருவதாக நாள் குறிக்கப்பட்டது. ஏப்ரல் மாதம் முடியச் சில நாள்களே இருந்தன.

"பாத்தியா, கதவு இல்லாததுக்குக் கல்வெட்டு வெக்கறாங்க," என்றாள் ரமாபாய். "நான் மாமாகிட்ட சொல்லிட்டேன்."

விழா நாளன்று பள்ளி வாயிலில் பந்தல் இடப்பட்டது. பேண்டு வாத்தியக் குழு வந்தது. இயக்குநர் மட்டும் வரவில்லை. அவருடைய வாகனம் நெடுஞ்சாலையில் இரு கொள்கலன் லாரிகளுக்கு இடையே நெடுநேரம் சிக்கிக்கொண்டது. வெயில் கடுமையாக இருந்தமையால், சாலையோரத்தில் இளநீர் வாங்கி அருந்தினார். சிக்கல் தீராமையால் மேலும் ஒன்று அருந்தினார். ஒருவழியாகப் பள்ளியை அடைந்தபோது பேண்டு முழங்க, வரவேற்பின் அடையாளமாக அவருக்கு மூன்றாவது இளநீர் வழங்கப்பட்டது.

கல்வெட்டைத் திறந்து அவர் ஆற்றிய உரையின் சாரம் வருமாறு:

"இந்தக் கதவைப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன். கதவைப் போய்ப் பார்ப்பது பழைய முறை. அறிக்கையைப் பாருங்கள்! இந்த ஆண்டு முழுவதும் இந்தக் கதவுக்கு நாம் ஒரு காசு செலவிடவில்லை. ஆனால் அது இயங்குகிறது. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? நாம் செலவிடாமல் இருந்தால், பொருள்கள் தாமே இயங்கக் கற்றுக்கொள்ளும்! அடுத்த ஆண்டு இந்த முறையைக் கூரைகளுக்கு விரிவுபடுத்துவோம். அதற்கு அடுத்த ஆண்டு ஆசிரியர்களுக்கு!"

ஆசிரியர்கள் கைதட்டினர். உரை இன்னும் நீள்வதாக இருந்தது. ஆனால் இயக்குநர் திடீரெனப் பேச்சை நிறுத்தி, எல்சியின் பக்கம் சாய்ந்து, செவியில் ஏதோ கூறினார்.

எல்சி தடுமாறினார். "மேடம், டீச்சர்ங்க பாத்ரூம்ல உங்க கையேடு இருக்கு. சாவி உங்க ஆபீஸ்ல இருக்கு. பொண்ணுங்களோடதுதான்..."

"எதுவாயினும் சரி."

நடக்க வேண்டிய தொலைவை இயக்குநர் விரைந்து கடந்தார். கழிப்பறை வாசலில் செங்கொடி நின்றிருந்தார். விழா நாளாயினும் இடைவேளை இடைவேளையே.

"கதவு எங்கே?" என்றார் இயக்குநர்.

"இதாங்க மேடம் சுங்குடித் தலப்பு," என்றார் செங்கொடி, சேலையை விரித்துக் காட்டி. "உள்ள போங்க. நான் புடிச்சிக்கிறேன்."

இயக்குநர் கீலைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், தலைப்பைப் பார்த்தார். ஓராண்டுக் காலச் சீர்திருத்தம் அவர் மனக்கண்முன் ஒரு கணத்தில் வந்து நின்றது. சிந்திப்பதற்கு ஏற்ற தருணமாக அஃது இருக்கவில்லை. அவர் உள்ளே சென்றார்.

அவ்வேளையில் எண்ணூர்ப் பக்கமிருந்து கடற்காற்று கிளம்பியது.

"அசைகிறதே!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"காத்து மேடம். அதாண்ட சொல்லியா நிறுத்த முடியும்?"

"இறுக்கிப் பிடியுங்கள்!"

"புடிச்சிகினுதான் கீறேன் மேடம். கைதான் கடுக்குது. டெய்லி மூணு தபா. உள்ள போற புள்ளைங்க எல்லாம் உங்கள மாதிரியே கத்துதுங்க. எம் பொண்ணு ஜூன்ல இஸ்கூலுக்கே வர மாட்டேன்னு சொல்லிட்டா."

தலைப்பு ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. செங்கொடி வேண்டுமென்றே பிடியைத் தளர்த்தினார் என்று பின்னாளில் சிலர் கூறினர். அது காற்றே.

இயக்குநர் எழுந்து சென்றதை விழாவின் நிறைவெனக் கருதிய வாத்தியக் குழு, வாசிக்கத் தொடங்கிற்று. மக்கள் இயக்குநர் சென்ற திக்கில் திரும்பி நோக்கினர். பொன்ராஜ், விதிப்படியான தொலைவில் நின்று, குரலை உயர்த்தினார்.

"மேடம்! அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிறது!"

"யோவ் பொன்ராஜ்!" உள்ளிருந்து எழுந்த குரலில் இனிமையும் இல்லை, இலக்கணமும் இல்லை. "அங்கயே நில்லுய்யா! ஒருத்தனும் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது! முதல்ல இதுக்கு ஒரு கதவு போடுய்யா! இன்னைக்கே போடு!"

"போடலாம் மேடம்! எந்தத் தலைப்பில்?"

"எந்தத் தலைப்பா இருந்தா என்னய்யா!"

பொன்ராஜ் கடமை தவறாதவர். கணினியில் புதிய தலைப்புக்கான கட்டத்தைத் திறந்து, இயக்குநரின் ஆணையை ஓர் எழுத்தும் பிறழாமல் பதிந்தார். கணினி சற்றே சுழன்றது; பின்னர் ஏற்றுக்கொண்டது. இன்றும் மாநிலக் கணக்கில் ‘எந்தத் தலைப்பா இருந்தா என்னய்யா’ என்றொரு தலைப்பு உள்ளது. அவ்வாண்டில் உண்மையில் நிதி வெளிவந்த தலைப்பு அது ஒன்றே.

கைகழுவி வெளிப்போந்த இயக்குநர் தம் பழைய குரலை மீட்டிருந்தார். "ஆழ்ந்த கள ஆய்வு," என்று கூடியிருந்தோரை நோக்கிக் கூறினார். பின்னர் செங்கொடியின் அருகே வந்து நின்று, அவர் விரல்களில் சேலைக் கரை பதிந்திருந்த சிவந்த கோடுகளைச் சிறிது நேரம் பார்த்தார். அதன்பின் வாகனம் ஏறினார்.

சுஃபியான் அன்று மாலையே வந்துவிட்டார். உப்பு அரிக்காத பீவிசி கதவு, புதிய கீல்கள், உட்புறம் கெட்டியான தாழ்ப்பாள்.

"அக்கா, இத தூக்கினு போவமாட்டாங்களே?"

"ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு பாய். தைரியமா ஆணி அடி."

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தது. ரமாபாய் எட்டாம் வகுப்பில் அமர்ந்தாள்; ஜவுளிக் கடைக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ளுமாறு தன் மாமனுக்குச் சொல்லியனுப்பினாள். மூன்றாம் நாள் இயக்குநர் மீண்டும் வந்தார். புதிய தலைப்பின்கீழ் நிகழ்ந்த செலவுக்கு விளைவு மதிப்பீடு செய்தல் வேண்டும். பயனாளியின் கருத்தையும் பதிதல் வேண்டும். பொன்ராஜ் கணினியுடன் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். இயக்குநர் மட்டும் சென்று, கதவை விரலால் தட்டினார்.

"ஆள் கீது!" என்றாள் உள்ளிருந்து ரமாபாய்.

இயக்குநர் மறுபடியும் தட்டினார்.

"ஆள் கீதுன்றேன்ல, காது கேக்கல? அப்பால வா!"

மூன்றாம் முறை தட்டுவதற்காக உயர்ந்த கை அந்தரத்தில் நின்றது, மெல்லக் கீழிறங்கியது. கதவு அசையவில்லை. காற்று அதனை ஒருமுறை மோதிப் பார்த்துவிட்டு அப்பால் சென்றது.

"மேடம்," என்று மரத்தடியிலிருந்து பொன்ராஜ் கேட்டார், "பயனாளியின் கருத்து?"

"ஆள் இருக்குன்னு போட்டுக்கய்யா," என்றார் இயக்குநர் தாழ்ந்த குரலில். பின்னர், அங்கே தம் முறைக்காக நின்றிருந்த ஆறாம் வகுப்புச் சிறுமியர் இருவருக்குப் பின்னால் சென்று, வரிசையில் நின்றுகொண்டார்.